பொன்னி வீட்டு டிப்பர் பொட்டி

பொன்னி வீட்டு டிப்பர் பொட்டியைப் பற்றி ஆலக்கரையில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. வேண்டாத வாங்கல் என்பது ஒரு கட்சி. பொன்னியின் புருஷன் அந்தோணிசாமியே கொஞ்ச காலம் அதற்குத் தலைவராக இருந்தார். அந்த ஊருக்கு வர வேண்டிய வண்டிதான் வந்தது என்பது இன்னொரு கட்சி. அதில் ஆரம்பத்தில் பொன்னி ஒருத்திதான் இருந்தாள். ஒருத்தியாக இருந்தும் அவள் கட்சி தோற்கவில்லை. பொன்னியைத் தெரிந்தவர்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற வழியில், பெருமாள் ஏரித் தண்ணீர் பாய்கிற பள்ளக்காட்டில் இருக்கிறது ஆலக்கரை. வாய்க்காலுக்கு மேற்கே ஊர். கிழக்கே மாதா கோயில் தெரு. அந்தோணிசாமி கிழக்குத் தெருக்காரர். மீசை அரும்பின வயதிலிருந்து மேற்கே ராஜமாணிக்கம் வீட்டு டிராக்டரை ஓட்டியவர். ராஜமாணிக்கம் தள்ளாமை வந்து பயிர்வேலையை விட்டபோது, அந்த டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டுகிற பொட்டியையும் அந்தோணிசாமியே வாங்கிக்கொண்டார். அது சாதாப் பொட்டி. நாலு பக்கமும் தகடு, பின்னால் திறக்கிற கதவு. ஏற்றினதைக் கையால்தான் இறக்க வேண்டும்.

கிழக்குத் தெருவுக்குள் வந்த முதல் டிராக்டர் அது. மாதா கோயில் சாமியார் வந்து மந்திரித்த தண்ணீர் தெளித்தார். தெருவே கூடி நின்றது. பொன்னி டிராக்டரின் மூக்குக்கு மாலை போட்டாள். பொட்டிக்குப் போடவில்லை. “அதுக்கும் ஒண்ணு போடு புள்ள” என்று அந்தோணிசாமி சொன்னதற்கு, “பூவு பத்தல” என்றாள். கூடையில் பூ இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அந்தப் பொட்டி அவள் வாசலில் நின்றிருக்கிறது. அதன் மேல் அவள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. ஈரத் துணிகூட உலர்த்தியதில்லை.

காரணம் இல்லாமல் இல்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் பொன்னி மண் இறக்குகிற ஆள். ஏரியில் ஆண்கள் வெட்டி ஏற்றுவார்கள், அந்தோணிசாமி ஓட்டுவார், வயலில் பெண்கள் இறக்குவார்கள். பொன்னி, மலர்க்கொடி, இன்னும் நாலைந்து பேர் சேர்ந்த செட்டு அது. ஏரி வண்டல் லேசான மண் இல்லை. ஈரத்தோடு வந்தால் தகட்டைக் கவ்விக்கொண்டு விடாது. மண்வெட்டியால் கொத்திக் கூடையில் வாரித் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவர்கள் தலையில் அவள் பங்கும் சேர்ந்து ஏறும். அதனால் யாரும் நிற்பதில்லை. வயிற்றில் எட்டு மாசம் ஆகியும் பொன்னி நிற்கவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள், பொட்டியிலிருந்து கூடையோடு காலை எடுத்து வைத்தவளுக்கு இடுப்பு கழன்றதுபோல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் பிறந்துவிட்டது. பெண்பிள்ளை. மூச்சு இல்லை. பொன்னி அதன் உள்ளங்கால்களை மட்டும்தான் பார்த்தாள். அதற்குள் மாமியார் சவரியம்மாள் துணியை மூடிவிட்டாள்.

கல்லறைக்குப் போகிறபோது அந்தக் காலத்து உபதேசியார் ஒரு வார்த்தை சொன்னார். “ஞானஸ்நானம் வாங்காத கொழந்தைய மந்திரிச்ச மண்ணுல வெக்கக் கூடாது அந்தோணி. வேலி மூலையில வெச்சிடு.” கோயிலில் அந்த வழக்கத்தையெல்லாம் விட்டு வெகுகாலம் ஆகிறது என்கிறார்கள். ஊர் விடவில்லை. அந்தோணிசாமி தன் துண்டில் பிள்ளையைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். இருட்டுவதற்கு முன்னால் வெறுங்கையோடு வந்தார். வந்தவர் எங்கே வைத்தேன் என்று சொல்லவில்லை. பொன்னியும் கேட்கவில்லை.

அவள் படுக்கையில் கிடந்த அந்த வாரம் முழுக்க, வாசலில் மலர்க்கொடியும் மற்றவர்களும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். ராஜமாணிக்கம் வீட்டுப் பொட்டி நகரவில்லையாம். டிராக்டரையும் பொட்டியையும் சேர்த்து மாட்டுகிற இரும்புப் பின்னை எவனோ திருடிக்கொண்டு போய்விட்டானாம். ராஜமாணிக்கம் தெருவில் நின்று திருடனின் வம்சத்தையே ஏசுவது படுத்திருந்த பொன்னிக்குக் கேட்டது. கடலூரிலிருந்து வேறு பின் வாங்கி வரும்வரை பொட்டி நின்ற இடத்திலேயே நின்றது.

எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அவள் கல்லறைக்குப் போய்ப் பார்த்தாள். மூலையில் கோரையும் முள்ளும் கிடந்தன. எந்த இடம் மேடு, எது பள்ளம் என்று தெரியவில்லை. அதன் பிறகு வருஷாவருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தோணிசாமி தன் அப்பாவின் சிலுவைக்கு நேராகப் போவார். மெழுகுவர்த்தி ஏற்றுவார், செபம் சொல்வார், திரும்புவார். மூலைப் பக்கம் தலையைக்கூடத் திருப்ப மாட்டார். பொன்னி மட்டும் ஒரு மெழுகுவர்த்தியை ஒளித்து எடுத்துப் போய், வேலி ஓரத்தில் எங்கேயோ ஓர் இடத்தில் ஏற்றி வைப்பாள். எங்கேயோ ஓர் இடத்தில்! ஒரு தாய்க்கு அது போதுமா? புருஷன் மறந்துவிட்டார் என்று அவள் முடிவுகட்டிக்கொண்டாள். ஆண்பிள்ளை, பத்து வேலைக்குப் போகிறவர், மறந்திருப்பார். அப்படி நினைத்துக்கொண்டுதான் முப்பது வருஷத்துக்குக் கிட்ட அவரோடு குடும்பம் நடத்தினாள். இடையில் ஒரு பையன் பிறந்தான், படித்தான், செம்மங்குப்பத்தில் கம்பெனி வேலைக்கும் போனான். ஞானஸ்நானப் பெயர் சேவியர், கூப்பிடுகிற பெயர் சித்தார்த்.

அந்த சித்தார்த் ஒருநாள் பழைய பொட்டியின் அடித்தகடு ஓட்டையாகிவிட்டதைப் பார்த்து, மாற்ற வேண்டும் என்றான். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

“மாத்தறதுன்னா டிப்பராப் பாத்து எடுங்க” என்றாள் பொன்னி. டிப்பர் என்றால் லீவரைத் தள்ளினதும் முன்பக்கம் தானே தூக்கிக்கொண்டு, ஏற்றினதையெல்லாம் பின்னால் கொட்டிவிடும்.

அந்தோணிசாமி சிரித்தார். “டிப்பருல என்னா ஏத்துவ? மண்ணு, எரு, ஜல்லி. முடிஞ்சிது. இதுன்னா கரும்பு ஏத்தலாம், வைக்கோலு ஏத்தலாம், நெல்லு மூட்டை ஏத்தலாம். மாசி மகத்துக்கு மேலத்தெரு சனத்தையே ஏத்திக்கினு கிள்ளைக் கடலுக்குப் போவலாம்.”

“டிப்பருல ஆளு ஏறினா என்னாவாம்?”

“நீ கோவத்துல லீவரத் தள்ளுவ. மேலத்தெரு மொத்தமும் ரோட்டுல கொட்டிக் கெடக்கும்.”

சித்தார்த்தும் அப்பா பக்கம்தான். “கனம் ஜாஸ்திம்மா. ஈரக் காட்டுல பொதையும். ஆயில் பைப்பு புட்டுக்கிச்சின்னா நடுவழியில தூக்கின மேனிக்கி நிக்கும். நம்ம ஒண்ணரை ஏக்கருக்கு எதுக்கு? வேணும்னா வாடகைக்குக் கூப்புட்டுக்கலாம்.”

“மழைக்கி முன்ன எல்லாருக்கும்தான் வண்டி வேணும். அன்னைக்கி வாடகை வண்டிக்காரன் உன் போன எடுப்பானா?”

“எடுக்க மாட்டான்” என்று ஒத்துக்கொண்டான் பையன்.

“ஆயிரம் சொல்லு, ஏத்தறதுக்கு இதுதான் வசதி” என்றார் அந்தோணிசாமி.

பொன்னி தட்டைக் கீழே வைத்தாள். “ஏத்தறதப் பத்தியே பேசறீங்க அப்பனும் மவனும். எறக்கறதப் பத்தி எவனாச்சும் ஒரு வார்த்த பேசறீங்களா? ஏத்தறதுக்குப் பொக்லைன் வந்து எத்தினி வருசம் ஆவுது. எறக்கறதுக்கு மட்டும் இன்னும் பொம்பள தலதான் வேணுமா?”

அந்தோணிசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அடுத்த வாரம் அவரே அவளைச் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

சிதம்பரம் பைபாஸில் இருந்த பட்டறையில் டிப்பர் பொட்டி ஒன்று சிவப்புப் பெயிண்டோடு நின்றது. பட்டறைக்காரர் டிராக்டரில் ஆயில் பைப்பை மாட்டினார். பொன்னி மட்கார்டு மேல் ஏறி உட்கார்ந்து, தானே லீவரைத் தள்ளினாள். பொட்டி மெதுவாகத் தலையைத் தூக்கியது. உச்சிக்குப் போய் நின்றது. இறக்கினாள். மறுபடி தூக்கினாள். இறக்கினாள். மறுபடியும் தூக்கினாள்.

“என்னா பெரியம்மா, ராட்டினம் மாதிரி வெளையாடறீங்களே?” என்றார் பட்டறைக்காரர்.

“தானா எறக்குதான்னு பாக்கறேன்” என்றாள்.

“அதுக்குத்தானே செஞ்சிருக்கு.”

“பாத்துட்டேன். இத நாங்க எடுத்துக்கறோம். பழையதை நீங்களே வெச்சிக்குங்க.” பழைய பொட்டியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் பார்க்காமல் வந்தாள் பொன்னி. அந்தோணிசாமிதான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஓட்டின வண்டி மேல் ஆண்களுக்கு இருக்கிற ஆசை என்று அவள் நினைத்தாள்.

முதல் நாள் வேலை மானக்கேடாகப் போயிற்று. ஏரியில் ஈர வண்டலை ஏற்றி வந்து வயலில் பொட்டியைத் தூக்கினார்கள். மண் அசையவில்லை. பொட்டி வானத்தைப் பார்த்து நின்றது, மண் அதில் ஒட்டிக்கொண்டு நின்றது, டிராக்டரின் பின்சக்கரம் நசுங்கியது. பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த மலர்க்கொடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “ஏண்டி பொன்னி, உன் வண்டிக்கு வெளிக்கிப் போவலியா? வெளக்கெண்ண குடுடி!”

வயல் முழுக்கச் சிரித்தது. அந்தோணிசாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பொன்னிக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. மறுநாள் ரைஸ்மில்லுக்குப் போய் இரண்டு சாக்கு உமி வாங்கி வந்தாள். மண் ஏற்றுவதற்கு முன்னால் அடித்தகட்டில் உமியைத் தூவச் சொன்னாள். அன்றைக்குப் பொட்டியைத் தூக்கினதும் மண் மொத்தமாக வழுக்கி வந்து விழுந்தது. மலர்க்கொடி ஓடி வந்து குவியலைப் பார்த்தாள். அப்புறம் பொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு கூடை மண்கூட மிச்சமில்லை. அவள் சிரிக்கவில்லை. “நம்ம காலத்துல எங்கடி இருந்துது இது” என்று மட்டும் கேட்டாள்.

பொன்னி அந்த ஒரு வார்த்தைக்காகவே வாங்கினதுபோல் நின்றாள்.

போன கார்த்திகை மாசத்து மழையில் சவரியம்மாள் செத்துப்போனாள். நிறைந்த வயது, கஷ்டப்படாத சாவு. ஆனால் அடக்கம் அப்படி இல்லை. ஆலக்கரைக் கல்லறை பள்ளத்தில் இருக்கிறது. மண்வெட்டி இரண்டு போடு போடுவதற்குள் குழியில் தண்ணீர் ஊறியது. வாளியால் இறைத்தார்கள். இறைக்க இறைக்க வந்தது. சாமியார் குடை பிடித்துக்கொண்டு செபத்தை முடித்தார். பெட்டியை இறக்கினால் அது மிதந்தது. கிழவி லேசாக இருந்தாள், எலும்பும் தோலுமாக. அந்தோணிசாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் குழிக்குள் இறங்கினார். அம்மாவின் பெட்டி மேல் இரண்டு காலையும் வைத்து ஏறி நின்றார். மண் அவர் முழங்கால் வரைக்கும் வந்து, பெட்டி இனி எழாது என்று தெரிந்த பிறகுதான் கையைக் கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார்.

“பெத்தவ மேல ஏறி நின்னேன் பொன்னி” என்றார். “இனிமே ஒருத்தனுக்கும் இது வரக் கூடாது. கல்லறைய மேடு தூக்கணும்.”

ஏரி தூர்வாருகிற மண்ணை எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டு மனு கொடுத்தார்கள். அலைந்து திரிந்து அது புரட்டாசியில் கைக்கு வந்தது. அக்கம்பக்கத்து டிப்பர்காரர்கள் யாரும் அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. எல்லாரும் செங்கல் சூளைக்கும் வீட்டு மனைக்கும் ஓடிக்கொண்டிருந்தார்கள். கிழக்குத் தெருவுக்கென்று இருந்தது பொன்னி வீட்டு வண்டி ஒன்றுதான். வேண்டாத வாங்கல் என்று சொன்னவர்களும் அன்றைக்கு வாசலில் வந்து நின்றார்கள்.

பொன்னிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. இடுப்பு உயரத்துக்கு மண் விழப்போகிறது. சிலுவை இருக்கிறவர்கள் சிலுவையைப் பிடுங்கி அதே இடத்தில் மேலே நட்டுக்கொள்வார்கள். மூலையில் கிடப்பதற்கு என்ன அடையாளம்? கோரையும் முள்ளும்கூட இல்லாமல் போகும். எங்கேயோ ஓர் இடம் என்று ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாளே, அந்த எங்கேயோவும் மூடிப்போகும். தன் வண்டியாலேயே மூடிப்போகும். கேட்க வேண்டும், மண் விழுவதற்குள் அவரைக் கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்ப்பாள். ‘எந்தப் புள்ள?’ என்று கேட்டுவிட்டால்? அதைத் தாங்க முடியாது என்று தோன்றும். வாயை மூடிக்கொள்வாள்.

இப்படியே முதல் லோடு ஏறிவிட்டது.

பொன்னி வழக்கம்போல் மட்கார்டு மேல், லீவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். கல்லறை வாசலில் தெரு ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். மாதா கோயில் பங்குப் பேரவைத் தலைவர் ஜெயசீலன் முன்னால் நின்று கை காட்டினார். அந்தோணிசாமிக்கு அவர் தங்கச்சி மகன் முறை. டிராக்டர் வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு தூணுக்கும் நடுவே பழைய பொட்டியாக இருந்தால் உரசிக்கொண்டு போயிருக்கும். டிப்பர் அகலம். நுழையவில்லை.

“சொன்னேன்ல, அது ஊருக்கு ஒத்துவராத வண்டின்னு” என்றது ஒரு குரல்.

ஜெயசீலன் கொஞ்சம் யோசித்தார். “மாமா, பின்னால சுத்திக்கினு வாங்க. மூலையில முள்ளுவேலியப் பிரிச்சிடறோம். ரிவர்ஸ்ல உள்ள வுட்டு அங்கேருந்தே கொட்டிக்கினு வரலாம். கல்லறை மேல சக்கரம் ஏறாது. மூலையில ஒண்ணும் இல்ல, காலி எடம்.”

காலி இடம். பொன்னி அந்த மூலையைப் பார்த்தாள். சொல்ல வேண்டியது அப்போதுதான். நாக்கு எழவில்லை. அந்தோணிசாமி வண்டியைத் திருப்பினார். வாய்க்கால் கரையோரமாகச் சுற்றி வந்தார். பையன்கள் வேலியைப் பிரித்து வழி விட்டார்கள். அவர் ரிவர்ஸ் போட்டார். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே, மெதுவாக, மிக மெதுவாகப் பின்னுக்கு விட்டார். பொட்டியின் சக்கரம் வேலிக்கல் பக்கத்தில் வந்தது. பிரேக்கை மிதித்தார். என்ஜினை அணைத்தார்.

“வாங்க மாமா, எடம் கெடக்கு” என்றார் ஜெயசீலன்.

“வண்டி இதுக்கு மேல போவாது.”

“டயரு பொதையும்னு பாக்கறீங்களா? பலகை போடலாம்.”

“பொதையாது.”

“பின்ன?”

“போவாதுன்னா போவாதுடா!” அந்தோணிசாமி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. அவர் கீழே இறங்கினார். டூல்பாக்ஸைத் திறந்து ஜாக்கிக் கம்பியை எடுத்தார். வேலிக்கல்லின் தலையைத் தொட்டுப் பார்த்தார். அங்கேயிருந்து உள்ளே போய், கோரை நடுவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். கம்பியால் மண்ணைக் குத்தினார். இல்லை. கொஞ்சம் தள்ளிக் குத்தினார். இல்லை. கிழடு தட்டிய கையால் கோரையைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி குத்தினார்.

டங் என்று ஒரு சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு பட்ட சத்தம்.

பொன்னி மட்கார்டிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் விரலால் மண்ணைத் தோண்டினார். துருவேறின ஒரு தலை தெரிந்தது. வளையம் வைத்த, கட்டைவிரலை விடத் தடித்த பின்.

“இது அந்தப் பொட்டியோட பின்னு” என்றார், அவளைப் பார்க்காமல். “ராஜமாணிக்கம் வூட்டுப் பொட்டி. உன்ன அப்புடிப் பண்ணது அன்னைக்கே மறுபடி மண்ணேத்திக்கினு ஓடக் கூடாதுன்னு உருவிக்கினு வந்துட்டேன். சிலுவ வெக்கக் கூடாதுன்னாங்க. இத அடிச்சி வெச்சேன். எவன் கண்ணுக்கும் தெரியாத மாதிரி தலை மட்டும்.”

படுக்கையில் கிடந்து கேட்ட ராஜமாணிக்கத்தின் ஏச்சு பொன்னியின் காதில் மறுபடியும் கேட்டது. திருடன் வம்சத்தை ஏசினாரே, அந்தத் திருடன் இவர்.

“ஏன்யா எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியே.”

“ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் திரும்பிப் பாத்தியா நீ? நீ மறந்துட்டன்னுல்ல நெனச்சேன்.”

“நான் இந்தப் பக்கம் பாத்தா நீ அழுவ. அதான் பாக்கல.”

பொன்னி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த இரும்புத் தலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வெயிலில் மண் சுட்டது, இரும்பு சுடவில்லை. ஜெயசீலன் ஒன்றும் புரியாமல் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். பெரியவர் யாரோ மெதுவாகச் சொன்னார். ஜெயசீலன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தார்.

அப்போது கூட்டத்திலிருந்து மலர்க்கொடி வந்தாள். “காலி எடம்னு எவன்டா சொன்னது?” என்று கேட்டுக்கொண்டே கோரைக்குள் நடந்தாள். “என்னுது ரெண்டு இங்கதான் எங்கியோ கெடக்கு. எந்த எடம்னு எங்க வூட்டு மனுசனுக்குத்தான் தெரியும், அவரும் செத்துட்டாரு.” அவள் பின்னால் இன்னொருத்தி வந்தாள். அவளும் கோரைக்குள் வந்து நின்றாள். அப்புறம் வாசலில் நின்றிருந்த ஒரு கிழவியைப் பேத்தி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். மூலை நிறைந்துவிட்டது.

“சக்கரம் உள்ள வரக் கூடாது” என்றாள் பொன்னி. எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினாள். “வேலிக்கி வெளியவே கொட்டிடலாம். இந்த மூலைக்கி மண்ணு கூடையிலதான் போவணும். யாரு மேலயும் தொப்புன்னு வுழக் கூடாது.”

“எவ்ளோ மண்ணு அத்தை, கூடையில ஆவுற காரியமா?” என்றார் ஜெயசீலன்.

“எங்களுக்குக் கத்துக் குடுக்கறியா நீ?”

அவள் மட்கார்டில் ஏறி லீவரைத் தள்ளினாள். பொட்டி தலையைத் தூக்கியது. உமி மேல் வழுக்கிக்கொண்டு மண் வேலிக்கு வெளியே குவிந்தது. பொன்னி இறங்கி வந்து ஒரு கூடையை எடுத்தாள். இனிமேல் மண்கூடை தொட மாட்டேன் என்று என்றைக்கோ சத்தியம் பண்ணியவள், சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“டிப்பர்காரி கூடை தூக்கறாடி, வாங்க பாக்க!” என்றாள் மலர்க்கொடி. சொல்லிவிட்டு அவளும் ஒரு கூடையை எடுத்தாள். பழைய செட்டில் உயிரோடு இருந்தவர்கள் எல்லாரும் எடுத்தார்கள். முட்டி வலிக்காரிகள், சர்க்கரைக்காரிகள், பாதிக் கூடைக்கு மேல் தூக்க முடியாதவர்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. மற்ற இடத்துக்கு ஆண்கள் வாரிக்கொண்டு போனார்கள். வண்டி ஏரிக்கும் கல்லறைக்கும் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் வேலிக்கு வெளியே நின்றே கொட்டியது.

அந்த இரும்புப் பின் இருந்த இடத்துக்கு மட்டும் அந்தோணிசாமி தானே வந்தார். பின்னைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பொன்னி கூடையைச் சாய்த்து மண்ணைப் போட்டாள், கையால் தட்டித் தட்டிப் பரப்பினாள். மேடு ஏறினதும், அவர் அதே நேருக்குப் பின்னை அடித்தார். “சின்னதா ஒரு சிலுவ செஞ்சி நட்டுடலாமா புள்ள?” என்று கேட்டார்.

“வேணாம். இதுதான் அதுக்குத் தெரிஞ்ச அடையாளம். இந்தத் தடவ தலை நல்லாத் தெரியட்டும்.”

மழை பிடிப்பதற்குள் வேலை முடிந்தது. ஐப்பசியில் கல்லறைத் திருநாள் வந்தது. முதல் நாள் ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் பக்கம் தண்ணீர் நின்றது, கல்லறை மேல் நிற்கவில்லை. எல்லாச் சிலுவைகளும் சாமந்தி மாலையோடு இருந்தன. புதிதாக வந்திருந்த சாமியார் சின்ன வயது. தீர்த்தச் செம்போடு வந்தவர் எங்கே பார்த்தாலும் ஒரே ஏரி மண்ணாக, ஒரே சமமாகக் கிடப்பதைப் பார்த்து நின்றார். பழைய சாமியார்கள் தெளிக்கிற இடத்துக்கு, மூலைக்கு இந்தப் பக்கம் ஒரு கல் வரிசை எல்லையாக இருந்தது. அது மண்ணுக்கு அடியில் போய்விட்டது.

“எது வரைக்கும் தெளிக்கணும்?” என்று கேட்டார்.

ஜெயசீலன் தலையைச் சொறிந்தார். தெருப் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பொன்னி மெழுகுவர்த்தியோடு முன்னால் வந்தாள். அன்றைக்கு அதை ஒளித்து எடுத்து வரவில்லை.

“எங்க வண்டி மண்ணு வுழுந்த வரைக்கும், சாமி” என்றாள்.

சாமியார் அவள் முகத்தைப் பார்த்தார். நடந்துகொண்டே தெளித்தார். கல் வரிசை இருந்த இடத்தைத் தாண்டினார். வேலி வரைக்கும் போனார். மலர்க்கொடி தன்னுடையது எது என்று தெரியாததால் இரண்டு மெழுகுவர்த்தியையும் கையிலேயே பிடித்துக்கொண்டு, தண்ணீர் தன் மேலும் விழும்படி நின்றாள்.

பொன்னி பின்னின் வளையத்துக்குள் மெழுகை உருக்கி ஊற்றி, அதில் மெழுகுவர்த்தியை நிறுத்தினாள். காற்றுக்குக் கையை அணைவாக வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தோணிசாமி தன் அப்பா அம்மா கல்லறைப் பக்கத்தில் நின்றிருந்தார். செபம் முடிந்துவிட்டது. எப்போதும் அந்த நேரத்துக்கு வாசலைப் பார்த்து நடப்பார். அன்றைக்கு நடக்கவில்லை. கழுத்தைத் திருப்பி, மூலைப் பக்கமாக, அவள் கைக்குள் எரிகிற வெளிச்சத்தைப் பார்த்தார்.

பொன்னி அழவில்லை.